‘பால் பத்தலை’: தீர்ப்பு எழுதப்படும் மூன்றாம் நாள்

கடலூர் முதுநகரோ, கிள்ளையோ, சிதம்பரம் கீழவீதியோ, வீடு எதுவாக இருந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி. தாயும் பிள்ளையும் அன்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்திருக்கிறார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்த அழுகை ஒரு மணியாகியும் ஓயவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் வீறிடுகிறது. கட்டிலைச் சுற்றி அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அத்தை. தூக்கம் கெட்ட கண்களோடு நடுவில் அவள். “புள்ளைக்குப் பால் பத்தல போலருக்கும்மா” என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். சொன்னவர் அன்போடுதான் சொல்கிறார். விடிந்ததும் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போகிறார். மாவு டப்பா வீட்டுக்குள் வருகிறது.

அந்த ஒரு வாக்கியம் ஒரு தாயின் உடம்பைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்பு. பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. மூன்றாம் நாள் என்பது பால் இல்லாத நாள் அல்ல, பால் இறங்கத் தொடங்கும் நாள். இதை எடுத்துச் சொல்ல, தாயின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க, அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 99.6 விழுக்காடு ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன என்கிறது 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. உலகம் திரும்பிப் பார்க்கும் சாதனை இது. அதே கணக்கெடுப்பில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாதவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவருவதில் ஜெயித்த மாநிலம், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் பாலைத் தவறவிடுகிறது.

பால் எப்படி ஊறுகிறது?

கர்ப்ப காலத்தின் பாதியிலேயே மார்பகம் சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் அது பெருகாது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரொஜெஸ்டிரோன் கதவை அடைத்து வைத்திருக்கும். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கிறது. புரொலாக்டின் என்ற ஹார்மோன் வேலையை முழுமூச்சில் ஆரம்பிக்கிறது. பால் பெருகி மார்பு கனக்க இரண்டு முதல் நான்கு நாளாகும். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், பிரசவ நேரத்தில் ஏற்றிய அதிகமான டிரிப்ஸ் என்று ஏதேனும் சேர்ந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம்.

அதுவரை பிள்ளை பட்டினியா? இல்லை. மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஊறும் சீம்பால் முதல் நாள் முழுவதற்கும் சேர்த்தே சில தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பச்சைக் குழந்தையின் வயிறும் அதற்கேற்ற சின்ன வயிறு. நோய் எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சில தேக்கரண்டிக்குள் செறிந்து கிடக்கின்றன. “மஞ்சப்பால் செரிக்காது, பீய்ச்சிக் கொட்டிடு” என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாவில் சேனை தொட்டு வைக்கும் வழக்கமும் போய்விடவில்லை. நல்ல குணமுள்ளவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால், சர்க்கரைத் தண்ணீரோடு கிருமியும் போகும். முதல் பசி மார்புக்கு வெளியே ஆறிப்போகும்.

பாலைச் சுரப்பது ஒரு வேலை, வெளியே தள்ளுவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்வது ஆக்ஸிடோசின். பிள்ளை சப்பினால் சுரக்கும். அழுகைச் சத்தம் கேட்டாலே சிலருக்குச் சேலை நனைந்துவிடும். வலி, பயம், அவமானம் இருந்தால் அது தயங்கும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. சுற்றி நான்கு பேர் நின்று “பால் பத்தல, பால் பத்தல” என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாலுக்கு என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பால் ஊறுவதில் இன்னொரு விதியும் உண்டு, அதுதான் டப்பாவின் கதையைச் சொல்கிறது. மார்பில் தங்கிய பால், இனிமேல் சுரக்க வேண்டாம் என்று தானே கட்டளை கொடுக்கும். காலியாகக் காலியாகத்தான் ஊறும். ராத்திரி ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை நான்கு மணி நேரம் அசந்து தூங்கும். வீடே நிம்மதியாகும். அந்த நான்கு மணி நேரம் மார்பில் பால் தேங்கும். புரொலாக்டின் அதிகமாக இருக்கும் ராத்திரி நேரம் வீணாகும். மறுநாள் பால் கொஞ்சம் குறையும். “நாங்கதான் சொன்னோமே” என்பார்கள். இன்னொரு வேளை புட்டி. பத்தே நாளில் தீர்ப்பு தன்னைத்தானே உண்மையாக்கிக்கொண்டுவிடும்.

மார்பகத்தின் உள்ளமைப்பைப் பற்றி மருத்துவமே நெடுங்காலம் பழைய படத்தை நம்பிக்கொண்டிருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840ல் வெளியிட்ட படங்கள் அவை. இறந்த பெண்களின் உடலில் பால்குழாய்களுக்குள் மெழுகைச் செலுத்திப் பார்த்து வரைந்தவை. காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகள் இருப்பதாகப் பாடப்புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தன. 2005ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள், பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அப்படிப்பட்ட பைகள் எதுவும் தென்படவில்லை. பால்குழாய்களும் நினைத்ததைவிடக் குறைவு, சராசரியாக ஒன்பதுதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைத்த ஆராய்ச்சிக் கவனம் பாலூட்டும் மார்புக்கு எவ்வளவு தாமதமாகக் கிடைத்திருக்கிறது என்பதை அந்த 165 வருட இடைவெளி காட்டுகிறது.

பக்கத்தில் உட்காரும் கலை

இந்தக் கலை தெரிந்த ஒரு செவிலியர் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் என்ன பார்ப்பார்? மார்பைப் பார்ப்பதற்கு முன்னால் தாயின் முதுகைப் பார்ப்பார். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல், பிள்ளையை மார்பிடம் கொண்டுவரச் சொல்வார். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாது.

அடுத்து காம்பு பிள்ளையின் மேலுதட்டில், மூக்குக்கு நேராகப் படும்படி வைப்பார். பிள்ளை தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பெரிதாகத் திறக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். திறந்ததும் ஒரே அணைப்பாக மார்போடு சேர்க்க, முகவாய் மார்பில் புதையும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே வாய்க்குள் போயிருக்கும். காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, வலிதான் வரும். சில மணி நேரத்திலேயே காம்பு வெடித்து ரத்தம் கசியும். சரியாகக் கவ்விய பிள்ளை முதலில் வேகவேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் சப்புவது நிதானமாகி, நடுநடுவே ‘க்க்’ என்று விழுங்கும் சத்தம் கேட்கும். கன்னம் குழியாது. தாயின் தோள் தானாகத் தளரும்.

இவ்வளவுதான். இதற்கு மெஷினும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நேரம் மட்டும் வேண்டும். ஒரு வார்டில் முப்பது தாய்மார், கையில் ஊசித்தட்டு, மேசையில் பதிவேடு என்றிருக்கும் செவிலியரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த உதவி இரட்டிப்பாகத் தேவை. தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் ஆபரேஷன் மூலம் நடக்கின்றன, தனியாரில் 60 விழுக்காட்டுக்கும் மேல். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். மேசையிலேயே பிள்ளையை நெஞ்சில் போடலாம். வார்டுக்கு வந்ததும் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். தையல் மேல் பாரம் படாமல், பிள்ளையை அக்குளுக்கு அடியில் இடுக்கிக்கொண்டும் கொடுக்கலாம். யாராவது ஒருவர் பிள்ளையை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. “ஆபரேஷன் ஆன உடம்பு, ரெண்டு நாள் பால்மாவு குடுத்துக்கலாம்” என்பது மருத்துவக் காரணமே இல்லாத வழக்கம்.

சரி, பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகை நம்பத்தக்க சாட்சி அல்ல. சாயங்கால நேரங்களில் அரைமணிக்கு ஒரு தடவை பால் கேட்டு நச்சரிப்பது எல்லாப் பச்சைக் குழந்தைகளும் செய்வது. கோவணத்துணிதான் உண்மையைச் சொல்லும். ஐந்தாறு நாளானால் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிறிய சிறுநீர் போக வேண்டும். கருப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை முதல் சில நாட்களில் குறைவது இயல்பு. 10 விழுக்காட்டைத் தொட்டால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பத்துப் பதினான்கு நாளுக்குள் பழைய எடை திரும்ப வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உள்ள எடைத்தராசு, சுற்றி நிற்கும் உறவினர்கள் எல்லோரையும்விட நல்ல நீதிபதி.

உண்மையிலேயே பால் குறைவாக உள்ள தாய்மாரும் இருக்கிறார்கள். தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் ஏற்பட்ட பெரும் ரத்தப்போக்கு, கருப்பைக்குள் தங்கிப்போன நஞ்சுக்கொடித் துணுக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை, இயல்பிலேயே வளராத பால்சுரப்பிகள் என்று காரணங்கள் உண்டு. சிறுநீர் வற்றி, சுருண்டு தூங்கியே கிடக்கும் பிள்ளையைப் பார்த்தும் “தாய்ப்பால் மட்டும்தான்” என்று பிடிவாதம் பிடிப்பது ஆபத்து. அங்கே தானப்பாலோ டப்பாப் பாலோ மருந்துக்குச் சமம். அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒருவருக்கும் உரிமை இல்லை.

பால்சுறாவும் மல்லிகைப்பூவும்

கடலோரக் கிராமங்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வந்துவிடும். வேகவைத்து, தோலுரித்து, முள்ளெடுத்து உதிர்த்த சுறாவில் பூண்டைத் தாராளமாகத் தட்டிப்போட்டு வதக்கினால் தெருவுக்கே மணக்கும். கொஞ்சம் உள்ளே வந்தால் பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, பிரசவ லேகியம். இவற்றால் பால் பெருகும் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை. ஆனால் நல்ல புரதம், சூடான சோறு, “உனக்காகச் செய்தது” என்ற பரிவு ஆகியவை பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியவைதான். பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சின்னப் பால்சுறாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்தியத்தில் எதிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. கடலூர் வெயிலில் அது கொடுமை.

எல்லா நாட்டு வழக்கத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. பாலை வற்றவைக்க வேண்டிய நிலை வரும்போது மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பால் நிறுத்தப் பயன்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையை ஒரு பிரிவினருக்கும் மல்லிகைப்பூவை இன்னொரு பிரிவினருக்கும் கொடுத்து ஒப்பிட்ட அந்த ஆய்வு 1988ல் வெளியானது. ரத்தத்தில் புரொலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. மார்புக் கனமும் பால் சுரப்பும் குறைவதில் இரண்டும் சமம் என்றது முடிவு. குழந்தையை இழந்த தாய்க்கும் மூன்றாம் நாள் பால் இறங்கும் என்பதைப் பல வார்டுகள் மறந்துவிடுகின்றன. அவளுக்கு ஆறுதலோடு இந்த உதவியும் தேவை.

சங்கு இன்னொரு எடுத்துக்காட்டு. பாட்டிமார் மருந்து புகட்டிய அந்தச் சின்னப் பாலாடை, இன்று இந்தியாவின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்கிறது. சப்பத் தெரியாத குறைமாதப் பிள்ளைக்குத் தாயின் பாலைப் பீய்ச்சி அதில் புகட்டுகிறார்கள். புட்டியைவிடக் கழுவச் சுலபம், ரப்பர் காம்பு பழகி மார்பை மறக்கும் பிரச்சினையும் இல்லை. ஆனால், அதே பாலாடையில் உரைமருந்தும் கிரைப் வாட்டரும் புகட்டுவதை ஆறு மாதம் வரை தள்ளிவைக்க வேண்டும்.

பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் மருத்துவமே சமீபத்தில் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, அழுத்திப் பிசைந்து, முழுக்கப் பீய்ச்சி எடு என்பதுதான் நெடுநாள் ஆலோசனை. பால் கட்டுவதற்குப் பின்னால் இருப்பது அடைப்பு அல்ல, வீக்கம் என்பது 2022ல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேசத் தாய்ப்பால் மருத்துவ வழிகாட்டுதலின் பார்வை. குளிர் ஒத்தடம், மென்மையான வருடல், வழக்கம்போலப் பாலூட்டல், தேவையெனில் வீக்கத்துக்கு மாத்திரை. காய்ச்சல் குறையாவிட்டால் டாக்டர். அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

பரங்கிப்பேட்டையின் ஆய்வு

தாய்ப்பாலைப் பற்றிய உலக ஆராய்ச்சியில் கடலூர் மாவட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. பலருக்குத் தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்த விஞ்ஞானிகளும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் 1980களின் பிற்பகுதியில் சேர்ந்து உழைத்தார்கள். நெல் வயலில் தூவிய பி.எச்.சி. பூச்சிமருந்து எங்கே போகிறது என்று இந்தப் பக்கத்துக் காற்றிலும் ஆற்றிலும் தேடினார்கள். வெப்ப நாட்டில் அதன் மிகப்பெரும் பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவது தெரிந்தது. அதே கூட்டணி தென்னிந்தியத் தாய்மாரின் பாலையும் சோதித்து, முடிவை 1990ல் வெளியிட்டது. பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் தூக்கலாக இருந்தன. தொழிற்சாலை நச்சான பி.சி.பி. ஒப்பீட்டில் குறைவு.

பயமுறுத்தும் செய்திதான். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு என்ன? தாயின் பாலில் இருப்பது, அவள் தின்ற சோற்றிலும் குடித்த மாட்டுப்பாலிலும் இருந்ததுதான். டப்பாவுக்கு மாறினால் நஞ்சு ஒழிந்துவிடாது. மருந்தைத் தடை செய்தால்தான் ஒழியும். வேளாண்மையில் டி.டி.டி. 1989ல் தடை செய்யப்பட்டது, பி.எச்.சி. 1997ல். தாய்ப்பாலை ஒரு நாட்டின் சுற்றுச்சூழலைக் காட்டும் கண்ணாடியாக உலகம் இன்றும் சோதிக்கிறது. நச்சு தெரிந்த இடங்களிலும் ‘பாலூட்டுங்கள்’ என்ற பரிந்துரை மாறவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் புகையைச் சுவாசித்துப் பிள்ளை பெறும் கடலூர்ப் பெண்களுக்கு இது அக்கறைக்குரிய விஷயம். கேள்வி கேட்கப்பட வேண்டியது ஆலைகளின் புகைபோக்கியைப் பார்த்து, தாயின் மார்பைப் பார்த்து அல்ல.

இயற்கைப் பேரிடரிலும் கடலூருக்குப் பழுத்த அனுபவம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2015ல் பெருவெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம். ஒவ்வொரு தடவையும் நிவாரண லாரிகளில் பிஸ்கட்டோடு பால்மாவும் வருவது இயல்பு. கொடுப்பவர் மனசு தங்கம். ஆனால் மாவைக் கலக்கச் சுத்தமான தண்ணீரும், காய்ச்ச அடுப்பும், கழுவச் சோப்பும் முகாமில் இருக்காது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. தானமாக வந்த பால்மாவு பெற்ற சிறுவர்களில் நாலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. பெறாதவர்களில் அதில் பாதிக்கும் குறைவு. முகாமில் தாய்க்கு வேண்டியது சாப்பாடு, குடிதண்ணீர், மறைவான ஓர் இடம். அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்ற பேச்சு பரவும். அதிர்ச்சி பால் இறங்குவதைச் சற்று நேரம் தடுக்கலாம். பிள்ளை தொடர்ந்து சப்பினால் திரும்பும்.

டப்பா, வங்கி, சட்டம்

சிங்கப்பூரில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939ல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தின் முன் நின்று, ஏழைப் பிள்ளைகளிடம் டப்பாப் பாலைத் தள்ளும் விளம்பரத்தைக் கொலை என்றே சொன்னார். உலக சுகாதாரப் பேரவை அதற்கொரு நெறிமுறையை நிறைவேற்ற 1981 ஆகிவிட்டது. இந்தியா ஒரு படி மேலே போய் 1992ல் சட்டமே கொண்டுவந்தது. அது 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2003ல் இன்னும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டாக்டருக்கோ செவிலியருக்கோ அன்பளிப்பு கூடாது. உலகின் கடுமையான சட்டங்களில் இதுவும் ஒன்று. ஆனால் கைப்பேசித் திரையில் ‘தாய்மார் குழு’ என்ற பெயரில் வரும் பரிந்துரையை எந்த அதிகாரி பிடிப்பார்?

தானப்பாலில் இந்தியாவுக்கு நல்ல வரலாறு உண்டு. மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989ல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கும் பின்னர் அது வந்தது. கடலூருக்குப் பக்கத்தில், புதுச்சேரி ஜிப்மரில் ‘அமுதம் தாய்ப்பால் மையம்’ 2016 முதல் இயங்குகிறது. கொடுக்கும் தாயின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்து, குறைமாதப் பிள்ளைகளுக்குத் தருவார்கள். கோவையைச் சேர்ந்த ஓர் இளம் தாய் 2021-22ல் தன் பிள்ளைக்குப் போக மிஞ்சிய 42 லிட்டர் பாலைத் தானம் செய்தார். தானம் என்பதுதான் இதன் உயிர். 2024 மே மாதம் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் தாய்ப்பால் புட்டியில் விலைக்கு விற்கப்பட்டது தெரிந்து அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தாய்ப்பாலை வணிகம் செய்ய அனுமதியே இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே மாதம் அறிவித்திருந்தது.

வங்கி பெயர் வாங்கித் தரும். ஆனால் வங்கிக்கு முன்னால் வர வேண்டியவர் ஓர் ஆள். மத்திய சுகாதார அமைச்சகம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கான ஏற்பாடு மூன்று அடுக்காக எழுதப்பட்டிருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் வங்கியோடு கூடிய முழுமையான மையம், மாவட்ட அளவில் தாயின் பாலைப் பீய்ச்சிச் சேமித்து அவள் பிள்ளைக்கே தரும் அலகு, பிரசவம் நடக்கும் எல்லா இடத்திலும் பாலூட்டல் உதவி. இந்தக் கலைக்கென்றே தேர்வு எழுதிச் சான்று பெற்ற ஆலோசகர்கள் உலகில் 1985 முதல் இருக்கிறார்கள். நம் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் ‘லாக்டேஷன் கன்சல்டன்ட்’ என்ற பெயர்ப்பலகை பழகிவிட்டது. பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் அந்த அரைமணி நேரம், அரசு வார்டில் பாய் விரித்துக் கிடக்கும் தாய்க்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அதற்கான மண் இங்கே இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1985ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. செவிலியர் படிப்பும் அதே வளாகத்தில். சிதம்பரம் நகருக்குள் காமராஜ் அரசு மருத்துவமனை, கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. கிராமம் கிராமமாகக் கிராம சுகாதார செவிலியர்கள். பிரசவித்தவளை வீடுவரை இலவசமாகக் கொண்டுவிடும் ஊர்தி இருக்கிறது. அந்த ஊர்தி போன வீட்டுக்கு மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும், தராசும் பொறுமையுமாக ஒருவர் போய் உட்கார வேண்டும். வேறு எந்த வேலையும் தரப்படாத ஒருவர். செலவுக் கணக்குப் போட்டால், வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் அட்மிட் ஆகும் பிள்ளைகளுக்கு ஆகும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும். தாய்ப்பால் பரவலானால் உலகில் ஆண்டுக்கு 8,23,000 சிறார் மரணங்களைத் தடுக்கலாம் என்று 2016ல் லான்செட் இதழின் ஆய்வு வரிசை மதிப்பிட்டது. தாய்க்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைவதும் நிரூபணமானதே.

வேலைக்குப் போகும் நாள் வந்தால்

மூன்றாம் நாளைத் தாண்டியவளுக்கு அடுத்த கண்டம், வேலைக்குத் திரும்பும் நாள். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. ஆலை, அலுவலகப் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் சட்டத்தில் உண்டு. இவை எதுவும் கடலூர் துறைமுகத்தில் விடியும்முன் ஏலம் எடுத்துக் கூடை தூக்கும் மீன்காரப் பெண்ணுக்குக் கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் கிடையாது. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அந்தக் கையோடு மார்பைத் தொட முடியாது. நன்றாகக் கழுவ ஒரு குழாயும், உட்கார ஓர் இடமும் ஆலைக்குள் இருந்தால்தான் பிள்ளைக்குப் பால்.

இந்தப் பெண்களுக்குக் கையால் பால் பீய்ச்சக் கற்றுத்தருவது முக்கியம். மெஷின் வாங்க வேண்டியதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்தின் ஓரத்தில், காம்பிலிருந்து சற்றுத் தள்ளி, எதிரெதிரே வைத்து நெஞ்செலும்புப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலைத் தேய்க்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுதான் வரும், பிறகு பீறிடும். மூடியுள்ள சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் சேர்த்துவைத்தால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது, சித்திரை வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கி, பாட்டி பாலாடையில் புகட்டலாம்.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் ஒரே வீச்சில் திறக்கப்பட்டன. பயணம் போகும் தாய்க்கு ஓர் அறை வேண்டும் என்று யோசித்த அரசுக்கு, தினமும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் வேலை செய்யும் தாய்க்கும் அது வேண்டும் என்று தெரியாமல் இருக்காது. மீன் இறங்குதளத்தில் ஒன்று, முந்திரிக் கொட்டகைகளுக்கு நடுவே ஒன்று. உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய், முதுகுள்ள இரண்டு நாற்காலி, உள்தாழ்ப்பாள் வேலை செய்யும் ஒரு கதவு. இதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை, உள்ளாட்சியின் ஒரு தீர்மானம் போதும்.